எனக்கு எவ்வளவு?

காரைக்குடியிலிருந்து வந்திருந்த வியாபாரி மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். எட்டுக் கால்களையும் விரலால் தட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து கைப்பேசி விளக்கை அடித்து அடிப்பக்கம் பார்த்தார். ஓரத்தில் பதித்திருந்த சின்னத் தகட்டைத் துண்டால் துடைத்து, ‘பர்ரோஸ் அண்ட் வாட்ஸ், லண்டன்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசியில் டேப்பை நீட்டினார். பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி.

“நல்ல சாமான்தாம்மா. துணி போயிடுச்சு, ரப்பரு செத்துப்போச்சு. ஆனா கல்லு இருக்கு, மரம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

வலங்கைமான் வீட்டுத் தெருப்பக்க ஹாலில் 77 வருடமாக நிற்கும் பில்லியர்ட்ஸ் மேசை அது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘பில்லியட்டு’. அந்த ஹாலுக்கே பில்லியட்டு ரூம் என்றுதான் பெயர். அப்பா 2024 ஐப்பசியில் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வீடும் அதிலுள்ள சாமான்களும் அண்ணனுக்கும் எனக்கும் என்று ஆனது. அண்ணன் சென்னையில் இருக்கிறான். நான் கும்பகோணத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி வந்து போகிறேன். வீட்டில் நிரந்தரமாக இருப்பது அத்தை ஒருவர்தான். அப்பாவின் அக்கா. 83 வயது.

வலங்கைமானில் பட்டாசு வியாபாரம் பெரிது. தெருவைப் பார்த்த ஹாலை வாடகைக்குக் கேட்டு ஒரு பட்டாசுக் கடைக்காரர் அண்ணனிடம் பேசியிருந்தார். ஹால் காலியாக வேண்டுமானால் மேசை போக வேண்டும். “யாருக்கு வேணும் இப்போ இது? வித்து ஆளுக்குப் பாதி எடுத்துப்போம்” என்றான் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீட்டின் ஞாபகம் அது என்றேன். பழைய மேசையைப் பற்றி நாலு கவிதைகூட எழுதியிருக்கிறேன். வைத்துக்கொள்வோம் என்று நானும், விற்றுவிடுவோம் என்று அவனுமாக ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த ஒரு வருடத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1948இல் இந்த மேசை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஊரைவிட்டுப் போகும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா சாமான்கள் திருச்சியில் ஏலத்துக்கு வந்தன. தாத்தா ஏலம் எடுத்தார். அப்போது அவருக்கு ஏழு வேலி நிலம். தஞ்சாவூர்க் கணக்கில் பெரிய மிராசு இல்லை, நடுத்தர மிராசு. பெரிய மிராசுகளைப் போல இருக்க ஆசைப்பட்ட மிராசு என்று சொல்லலாம். மேசையைப் பிரித்து ரயிலில் கும்பகோணம் கொண்டுவந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றினார்களாம்.

அந்த ஆட்டமேசையின் உயிர் அதன் கல்தான். பச்சைத் துணிக்கு அடியில் ஐந்து சிலேட்டுப் பலகைகளைச் சேர்த்துப் பொருத்தியிருப்பார்கள். மரப்பலகை மழைக்கும் வெயிலுக்கும் வளையும், சிலேட்டு வளையாது. 1820களில் லண்டனில் தர்ஸ்டன் என்பவர் கல் மேசையைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுவதும் அதுவே வழக்கமானது. முழு அளவு மேசை ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். அந்த எடையைத் தெருவிலிருந்து உள்ளே கொண்டுபோக ஆள் வேண்டும். பண்ணையில் வேலை செய்த சேரி ஆட்களை வரச் சொன்னார்கள். அத்தைக்கு அப்போது ஆறு வயது. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்ததை இப்போதும் சொல்வார்.

“கல்லோட உள்ள வந்தாங்க. வச்சிட்டு வெளிய போனாங்க. போனதும் ஆயா தரையைக் கழுவிவிடச் சொல்லிச்சு. ரெண்டு தரம்.”

இதைச் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். மேசை எவ்வளவு கனம் என்பதற்கான கதையாகத்தான் எனக்கு அது சொல்லப்பட்டது. தரையைக் கழுவியது அந்தக் கதையில் ஒரு சின்ன விவரம். அது சின்ன விவரம் இல்லை என்று தெரிய எனக்குப் படிப்பும் வயதும் வேண்டியிருந்தது.

மாலை நாலரைக்கு மேல் ஆட்டம். சுற்றுப்பட்டு மிராசுதாரர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். தாத்தா ஆடியது பில்லியர்ட்ஸ், மூன்றே பந்து. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. பல நிறப் பந்துகளை வைத்து ஆடும் ஸ்னூக்கர் வேறு. அது நம் நாட்டில் பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் மழைக்காலப் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்தது. பிறகு ஊட்டி கிளப்பில் அதற்கு விதிகள் எழுதி மாட்டினார்கள். பிள்ளை நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பெயரில் இருக்கிறது. பிரிட்டிஷ் பிரபுக்களின் மாளிகைகளில் புகைபிடிக்கும் அறையும் பில்லியர்ட்ஸ் அறையும் ஆண்கள் பக்கம் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் ஒதுங்குகிற இடம். நம் மிராசுகள் மேசையை வாங்கும்போது அந்த வழக்கத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். அதற்காக அவர்கள் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆயா ரேழிக் கதவு வரை காப்பித் தட்டோடு போவார். அங்கே மார்க்கர் வாங்கிக்கொள்வார். மார்க்கர் என்றால் புள்ளி எண்ணுகிறவர், கோலுக்குச் சாக்குக்கட்டி தேய்த்துக் கொடுப்பவர். ஆட்டம் முடிந்த பிறகு துணியில் பிரஷ் போடுவது, சிகரெட் சாம்பலைப் பொறுக்குவது, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் துணியைத் தேய்ப்பது எல்லாம் பெண்களின் வேலை. பிரஷ்ஷை ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும் என்பது அத்தைக்கு எட்டு வயதிலேயே தெரியும். ஆட மட்டும் தெரியாது.

ஒருநாள் பகலில் யாரும் இல்லாதபோது அத்தை கோலை எடுத்திருக்கிறார். பத்து வயதிருக்கும். ஆயா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாராம். “குனிஞ்சு ஆடுற ஆட்டம்டி அது.”

நாற்று நடும்போது பெண்கள் நாள் முழுவதும் குனிகிறார்கள். அம்மியில், ஆட்டுக்கல்லில், கூட்டும்போது, மெழுகும்போது, கோலம் போடும்போது குனிகிறோம். இந்தக் காவிரிப் படுகை முழுவதும் பெண்கள் குனிந்து உண்டாக்கியதுதான். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. தனக்காக, தன் சந்தோஷத்துக்காக ஒரு பெண் குனிந்தால் மட்டும் பார்க்கிறவர்களுக்குக் கண் கூசுகிறது.

என் முனைவர் பட்ட ஆய்வு சங்க இலக்கியத்தில் மகளிர் விளையாட்டு. ஓரை, வண்டல், கழங்கு, பந்து என்று நானூறு பக்கம் எழுதினேன். தமிழில் பந்து என்பது நெடுங்காலம் பெண்ணின் கையில் இருந்த பொருள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானைக்கும் ஊசலுக்கும் நடுவே கந்துக வரி வருகிறது. கந்துகம் என்றால் பந்து. பாடி ஆடுகிறவர்கள் பெண்கள். அதே சங்கப் பாடல்களில் இற்செறிப்பும் வருகிறது. பெண் பருவமடைந்ததும் விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குள் வைப்பது. வாய்மொழித் தேர்வில் இற்செறிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். என் வீட்டு மேசையைப் பற்றி, அதில் பந்தைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு பத்து வயதுப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அத்தை பெயர் இருக்கிறது. அதோடு சரி.

அத்தையின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1961இல் மன்னார்குடிப் பக்கம் கல்யாணம். 1969இல் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதுகில் ஒரு தழும்பு உண்டு. வந்த மறு வருடம் டைபாய்டு வந்து பிழைக்க மாட்டார் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர்கள், நெற்றிக்காசு வைத்து, பிணம்போலப் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வந்து எழுந்திருப்பது நேர்த்திக்கடன். அத்தை அந்தப் பங்குனியில் பாடையில் படுத்தார். “ஒரு தரம் தூக்கிட்டாங்க பாப்பா. இனிமே எனக்கு என்ன பயம்?” என்பார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1952இலேயே ராஜாஜி அரசு குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி சட்டம் கொண்டுவந்திருந்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்றானது. 1970இல் 15 ஆகக் குறைந்தது. தாத்தாவின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மார்க்கர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பச்சைத் துணியைப் பூச்சி அரித்தது. அப்பாவுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை.

1971இல் அத்தை ஒரு பழைய உஷா மெஷின் வாங்கித் தைக்க ஆரம்பித்தார். துணி வெட்ட இடம் வேண்டும். வீட்டிலேயே சமமான, இடுப்பு உயரமான, நாலு புறமும் நின்று வேலை செய்யக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. மேசைமேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்தார். அதற்கு மேல் அட்டை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தாத்தா கட்டிலில் படுத்தபடி கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் பார்த்த பில்லியட்டு அதுதான். எனக்கு அது ஆட்டமேசை என்று தெரிந்ததே ஏழெட்டு வயதில். அதன் ஆறு பைகளும் பந்து விழுவதற்கு என்று அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு பையில் நூல்கண்டு. ஒன்றில் கொக்கி, பிரஸ் பட்டன். ஒன்றில் இஞ்ச் டேப்பும் மார்க் போடும் சாக்குக்கட்டியும். ஒன்றில் வெட்டிய துண்டுத் துணி. அது எனக்கு, பொம்மைக்குப் பாவாடை தைக்க. ஒன்றில் அளவு ரவிக்கைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டுக் குத்தியிருக்கும். சுவர் மூலைப் பையில் காசு. ஆரம்பத்தில் ஒரு ரவிக்கைக்கு ஒரு ரூபாய். 2006இல் கண்ணில் புரை விழுந்து அவர் நிறுத்தும்போது அறுபது ரூபாய். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் நான் மேசைக்கு அடியில்தான் தூங்குவேன். மேலே கத்தரி ஓடும் சத்தம் கல்லில் பட்டு வேறு மாதிரிக் கேட்கும்.

2001இல் எம்.ஏ. சேரப் பணம் கேட்டபோது, “பி.ஏ. போதும், கல்யாணத்துக்குச் சேத்து வச்சிருக்கேன்” என்றார் அப்பா. அத்தை மூலைப் பையில் கைவிட்டார். சுருட்டி ரப்பர் போட்ட நோட்டுகள். எண்ணி என் கையில் கொடுத்தார். நான் இன்று வகுப்பில் நின்று பாடம் நடத்துவது அந்தப் பையிலிருந்து வந்தது.

இவ்வளவும் தெரிந்தும், மேசையை வைப்பதா விற்பதா என்று ஒரு வருடம் பேசிய நானும் அண்ணனும் அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததற்கு அவன் காரணம் வேறு. நான் பெண்ணியம் பேசுகிறவள். மேடையில் பேசுகிறவள். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

காரைக்குடிக்காரர் வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம்தான் கேட்டேன். அவர் 2,40,000 வரை வருவதாகச் சொல்லியிருந்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் எனாமல் பாத்திரமும் கடைகடையாக அடுக்கி விற்பனைக்கு இருக்கும். அங்கே எங்கள் மேசை நிற்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அத்தைக்கும் தாங்காது என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

“அத்தை, இத விக்கறாங்களாம். உங்களுக்கு எப்படி இருக்கு?”

அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எவ்வளவுக்குக் கேக்குறான்?”

சொன்னேன்.

“அதுல எனக்கு எவ்வளவு?”

எனக்குப் பதில் வரவில்லை. “எனக்கு வேணும்னு இல்ல, அத விக்காதீங்க, என் உசுரே அதுலதான் இருக்கு” என்ற மாதிரி ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். அதை வைத்து ஐந்தாவது கவிதை எழுதியிருப்பேன்.

“முப்பத்தஞ்சு வருசம் அதுமேல வெட்டினேன். நான் விரிச்சுப் போட்டதாலதான் அது கரையான் அரிக்காம இருக்கு. எனக்குப் பங்கு உண்டா இல்லியா?”

அன்று இரவு அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்தேன். தாத்தா 1979இல் இறந்தார். 1984இல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பனார் பங்கில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. ஆகவே அத்தை கையெழுத்து இல்லாமல் பாகம் செல்லாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அத்தையைத் தவிர. ஐயாயிரம் ரூபாயும் ஒரு பட்டுப்புடவையும் பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாகத் தன் உரிமை அனைத்தையும் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆவணத்துக்குத் தமிழில் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை? தமிழ் படித்து இருபது வருடமாகிறது, இந்தச் சொல்லுக்கு எனக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. பாகப் பத்திரத்தின் அசையும் சொத்துப் பட்டியலில் ‘பில்லியட் மேசை ஒன்று’ அப்பா பேரில் இருக்கிறது. அந்த வருடம் அந்த மேசையில் அத்தை எத்தனை ரவிக்கை வெட்டினார் என்று பட்டியலில் இல்லை.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிறந்தபோதே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவர அறுபது வருடம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் அமல். அன்றைக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2005இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபோது அந்த வேறுபாடு போனது. ஆனால் அதற்கு முன்பே பதிவாகி முடிந்த பாகங்களைச் சட்டம் தொடாது. 1989இல் எனக்கு எட்டு வயது. நான் வாசலுக்கு உள்ளே வந்துவிட்டேன். அத்தை வெளியில் நின்றுவிட்டார். நான் உள்ளே வந்தேன் என்பதாலேயே அவரை வெளியில் வைத்த கதவில் என் கையும் இருக்கிறது.

அண்ணனிடம் ஃபோனில் சொன்னேன். மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றேன்.

“அத்தைக்கு எதுக்குக் காசு? நாமதானே பாத்துக்கறோம்?”

பெண்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்ட வாக்கியம் இது. அவன் கெட்டவன் இல்லை. மாதாமாதம் மருந்துக்கு அனுப்புகிறான். பார்த்துக்கொள்வதும் பங்கு கொடுப்பதும் ஒன்று என்றே நினைக்கிறான். மூன்று வாரம் பேசினோம். சட்டப்படி உரிமை இல்லை என்றான். இல்லைதான் என்றேன். அப்புறம் என்ன என்றான். என் எம்.ஏ. ஃபீஸ் யார் கட்டியது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குத் தெரியாது. அப்பா கட்டியதாக நினைத்திருந்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, மூணாப் பிரி” என்றான்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். சொன்ன வேகத்தில், “என் பங்கையும் நீங்களே வச்சுக்கோங்க அத்தை” என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன் பங்கு உனக்கு. பங்க விட்டுக் குடுக்காத. யாருக்கும் குடுக்காத, எனக்கும் குடுக்காத. நான் விட்டுக் குடுத்து என்னத்தக் கண்டேன்?”

மேசைக்குள் ஒரு பெட்டியும் இருந்தது. நூக்கு மரப் பெட்டி, வெல்வெட் குழியில் மூன்று பந்துகள். தாத்தா ஆடியவை. யானைத் தந்தம். ஒரு தந்தத்தில் நாலைந்து பந்துதான் தேறும் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்காக யானைகளை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். தந்தம் கட்டுப்படியாகாமல் போய், மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு அமெரிக்காவில் 10,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக் அந்தத் தேடலில் வளர்ந்தது. வியாபாரி பெட்டியைத் திறந்ததும் மூடிவிட்டார். “இது வேண்டாம்மா. இதத் தொட்டா உள்ள போயிருவோம்.” 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடைமைச் சான்றிதழ் இருந்தாலும் தந்தத்தை விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். தாத்தா வாங்கிய சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே மடித்து இருந்தது. ஒரு மனு எழுதி வனத்துறையிடம் ஒப்படைத்தேன். இழப்பீடு கிடையாது. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை.

2025 நவம்பரில், இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற செய்தி வந்தது. இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயைத் தோற்கடித்தார். என் மாணவி ஒருத்தி காணொளி அனுப்பியிருந்தாள். அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பச்சைத் துணிமேல் தாடை படும் அளவுக்கு அந்தப் பெண் குனிந்தபோது, “நல்லாக் குனியிறா” என்றார். பிறகு, “துணிக்கு யாரு பிரஷ் போடுவா?” என்று கேட்டார்.

மார்கழியில் காரைக்குடி ஆட்கள் ஆறு பேர் வந்து பிரித்தார்கள். முதலில் ரப்பர் வைத்த ஓரக் கட்டைகளைக் கழற்றினார்கள். பைகளைக் கழற்றும்போது ஒன்றிலிருந்து நாலைந்து கொக்கிகள் சிந்தின. துணியை ஆணி பிடுங்கி உரித்ததும் கல் தெரிந்தது. கருநீலச் சாம்பல் நிறம். அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையை வைத்துப் பார்த்தார்.

“இது சிலேட்டா?”

“ஆமா அத்தை. பள்ளிக்கூட சிலேட்டுக் கல்லுதான்.”

“அஞ்சாவதுல சிலேட்ட உடச்சிட்டேன்னு அப்பா வேற வாங்கித் தரல. அதோட நின்னுச்சு” என்றார். இதையும் நான் அன்றுதான் முதலில் கேட்டேன். வீட்டுக்குள் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சிலேட்டு கிடந்திருக்கிறது.

ஒவ்வொரு கல்லையும் நாலு பேர் கயிற்றில் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். நான் காப்பி போட்டு உள்ளே கூடத்தில் உட்காரவைத்துக் கொடுத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1948இல் இதே கல்லைத் தூக்கி வந்தவர்கள் யார் யார் என்று அத்தையிடம் கேட்டேன். இரண்டு பேர் பெயர்தான் ஞாபகம் இருந்தது. ஏலத் தொகை அவர்கள் அறுத்த நெல்லிலிருந்து வந்தது. மூன்றாகப் பிரித்தோம் என்று எழுதும்போது கணக்கு முடிந்துவிட்ட மாதிரித் தெரிகிறது. முடியவில்லை. அத்தை வாய் திறந்து கேட்டார், நான் வீட்டுக்குள் இருந்ததால் என் காதில் விழுந்தது. தெருவுக்கு அப்பால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

வீட்டில் என் பாதியில் அத்தைக்கு ஆயுள் உள்ளவரை இருக்கும் உரிமையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிட்டேன். அண்ணன் இன்னும் யோசிக்கிறான். ஹாலைப் பட்டாசுக் கடைக்குக் கொடுக்க அத்தை சம்மதிக்கவில்லை. அதையும் இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டோம். சிவப்புத் தரையில் எட்டு இடத்தில் மட்டும் வெளுக்காத வட்டங்கள் இருக்கின்றன.

80,000 ரூபாய். தபால் ஆபீசில் அத்தை பேரில் மட்டும் கணக்கு. கூட்டுக் கணக்கு வைத்தால் வசதி என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆனது. வெயிலில் மெதுவாக நடந்து திரும்பி வரும்போது, பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“என்ன வாங்கப் போறீங்க அத்தை?”

நின்று என்னைப் பார்த்தார்.

“உங்க அண்ணங்கிட்ட கேட்டியா?”